ஒருத்திக்கு மட்டும் வெள்ளை

பாளையங்கோட்டை,
1910 செப்டம்பர் 20

அன்புள்ள தங்கை நீலாம்பாளுக்கு,

அண்ணன் அம்பலவாணன் எழுதிக்கொண்டது. ஞானஸ்நானத்தில் வாங்கிய பெயரை உனக்கு எழுதும்போது போட இன்றைக்கும் கை வருவதில்லை. அந்தப் பெயரில் கடிதம் வந்தால் நீ பிரிப்பாயோ மாட்டாயோ என்ற சந்தேகமும் உண்டு.

சொல்ல வேண்டியவை மூன்று. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

முதலாவது, நம் செல்லக்கிளிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை நாசரேத்துக்காரர், கண்டியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. அதிகம் பேசாத பையன். நல்லவன் என்றுதான் நினைக்கிறேன். என் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது உனக்குத் தெரியும். நவம்பர் பதினாறாம் தேதி, புதன்கிழமை காலை, இங்கே கோயிலில் கல்யாணம். அன்று சாயங்காலமே வண்டி கட்டிப் பெண்ணை நாசரேத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கிருந்து தூத்துக்குடி போய்க் கப்பல் ஏற்றம். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம்தான் அவருக்கு விடுப்பாம்.

இரண்டாவது, நீ வர வேண்டும். தாய் முகம் தெரியாத என் மகளை எட்டு வயது வரை வளர்த்தவள் நீ. உன் புகுந்த வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு வைத்துக் கொல்லைப்புறத்தில் சோறு போட்டபோது, நீயும் உன் இலையை அங்கேயே கொண்டுபோய் விரித்தாய். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பாக ஓலை கூறப்படும் பெண் வெளியூர் போகக்கூடாது என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டார்கள். உன் வீட்டிலும் அவளை நடைக்குள் விடமாட்டார்கள். ஆகவே அவள் கப்பலேறுமுன் பார்க்க வேண்டுமானால் நீதான் இங்கே வர வேண்டும். கல்யாணம் என்றால் உன்னைப் போன்றவர்கள் உள்ளறையில் இருந்துவிடும் வழக்கம் எனக்குத் தெரியும். எங்கள் கோயிலில் அது கிடையாது. முன் வரிசையில் தாய் உட்காரும் இடம் உனக்கு.

மூன்றாவது, கல்யாணச் சேலை வெள்ளை. மாப்பிள்ளை வீட்டார் விருப்பம். இப்போது இங்கே பலரும் அப்படித்தான் உடுத்துகிறார்கள்.

இப்படிக்கு
அம்பலவாணன்


வீரவநல்லூர்,
சாதாரண வருஷம், புரட்டாசி 10

அண்ணாச்சிக்கு நீலாம்பாள் நமஸ்காரம்.

கல்யாணத்துக்கு அரைப் பக்கம், நான் வருவதற்கு அரைப் பக்கம், வெள்ளைச் சேலைக்கு இரண்டு வரி. பயந்த காரியத்தை எப்போதும் கடைசியில்தான் சொல்வீர்கள். சின்ன வயதில் அம்மாவின் வெண்கலப் பானையைப் படித்துறையில் தவறவிட்டு வந்தபோதும், ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்த பிறகு எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னீர்கள்.

எனக்கு வெள்ளை போட்டது யார், அண்ணாச்சி? ஞாபகம் இல்லாமல் இருக்காது. அப்பா முன்னமே போய்விட்டார், எனக்கு வேறே கூடப்பிறந்தவனும் இல்லை. புருஷன் போன பதினாறாம் நாள் கோடிச்சேலை பிறந்த வீட்டிலிருந்து வந்தாக வேண்டும் என்று உங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். நீங்கள் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்று நீங்கள் மொண்டு கொடுத்த தண்ணீரை இந்த வீட்டில் ஒருவரும் வாங்கவில்லை. கோடியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு அதை என் மேல் போட்டீர்கள். அப்போது எனக்குச் செல்லக்கிளியின் வயது.

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அன்று நீங்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் அதே கையால் அவளுக்கும் வெள்ளையை எடுத்துக் கொடுக்கிறீர்கள். அதுவும் மேளதாளத்தோடு. அதை முன் வரிசையில் உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும் என்கிறீர்கள்.

உங்கள் சாமியைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் அவள் உடம்பில் ஏதாவது ஒரு நிறம் இருக்கட்டும். அரக்கோ மஞ்சளோ, எதுவானாலும் சரி. இருந்தால் வருகிறேன். இல்லாவிட்டால் என்னால் முடியாது.

நீலாம்பாள்


பாளையங்கோட்டை,
1910 செப்டம்பர் 30

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் சொல்லுமுன் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது முறை என்று தோன்றியது. பெண்கள் பள்ளிக்கூடத்துத் துரைசாணியம்மாளிடம் ஒரு படப்புஸ்தகம் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கண்டதை எழுதுகிறேன்.

இங்கிலாந்திலும் முன்காலத்தில் மணப்பெண்கள் அவரவர் வசதிக்கேற்ப நீலம், மஞ்சள், சிவப்பு என்று எந்த நிறமும் உடுத்தியிருக்கிறார்கள். 1840-ஆம் வருஷம் நம் காலஞ்சென்ற மகாராணி விக்டோரியா தம் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு உடுத்தினார். கிரீடம் வைக்காமல் தலையில் ஆரஞ்சுப் பூச்சரம் சூடிக்கொண்டார். உடுப்பில் தைத்த லேஸ் முழுவதும் கிராமத்துப் பெண்கள் கையால் பின்னியது. அவர்களுக்குப் பிழைப்பு உண்டாக வேண்டும் என்பதும் ராணியின் எண்ணமாம். அந்தப் படம் அச்சாகி ஊர் ஊராகப் போயிற்று. அதைப் பார்த்துப் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் உடுத்தினார்கள், பிறகு கடைக்காரர் வீட்டுப் பெண்கள், இப்போது நம் தாமிரபரணிக் கரைவரை வந்திருக்கிறது. செல்லக்கிளியின் முக்காட்டுக்கு லேஸ் இடையன்குடிப் பெண்கள் பின்னிக் கொடுத்தது. ஆகவே இது அரசியைப் பார்த்து வந்த அலங்காரம். துக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தத் தேசத்தில் கைம்பெண்ணின் நிறம் கறுப்பு.

இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். படித்ததில் பாதியை மறைத்து எழுதுவது நேர்மையாகாது என்பதால் மீதியையும் எழுதுகிறேன். மகாராணியின் கணவர் இருபத்தொரு வருஷம் வாழ்ந்து, நாற்பத்திரண்டு வயதில் காய்ச்சலில் காலமானார். அதன் பிறகு நாற்பது வருஷம், தம் கடைசி நாள் வரை, ராணி கறுப்பே உடுத்தியிருந்தார். அடக்கம் செய்தபோது அந்தக் கல்யாண முக்காட்டை முகத்தின் மேல் போட்டார்களாம். அவருக்கும் முந்நூறு வருஷம் முன்பு ஸ்காத்லாந்து தேசத்து இளம் ராணி ஒருத்தி பாரிஸ் பட்டணத்தில் வெள்ளை உடுத்தி மணந்துகொண்டாள். அங்கே அந்தக் காலத்தில் ராணிகள் துக்கத்துக்கு உடுத்தும் நிறம் வெள்ளைதானாம். அவள் கணவன் மூன்று வருஷம் நிறையுமுன் இறந்தான். அதற்குக் காரணம் காதில் வந்த வியாதி. சேலையின் நிறத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை.

இதையெல்லாம் பார்த்தால் உன் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஏற்படுகிறதல்லவா? எழுதி முடித்துப் படித்துப் பார்க்கையில் எனக்கே அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

அம்பலவாணன்


வீரவநல்லூர்,
புரட்டாசி 21

அண்ணாச்சிக்கு,

எனக்குத் தைரியம் சொல்ல இரண்டு ராணிகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். இரண்டு பேரும் தாலியறுத்தவர்கள். வெள்ளை உடுத்திப் பூவும் பொட்டுமாகக் கண் மூடினவள் ஒருத்திகூடவா அந்தப் புஸ்தகத்தில் இல்லை? இருந்திருப்பாள். உங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டாள்.

படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிறது, அதற்காக உங்களுக்கு நன்றி. கொழுந்தனார் எட்டிப் பார்த்து, “என்ன மதினி, தனியா இருந்து சிரிக்கிய?” என்றார். “அண்ணாச்சி சீமைக் கதை எழுதியிருக்காவ” என்றேன். “வேதக்கார வீட்டுக் கல்யாணத்துக்கு இங்கன இருந்து யாரும் போகண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பது வருஷம் கறுப்பிலேயே இருந்தாளா அந்த மகராசி? பூமியில் பாதி அவளுடையது என்பார்களே. அவளுக்குமா ஒரு நிறம் மிச்சம் வைக்கவில்லை? அவளாகவே உடுத்தியிருந்தாளோ, என்னவோ.

நீங்கள் என்னிடம் வாதாட வேண்டாம். சம்பந்தியம்மாளிடம் போங்கள். சேலை வெள்ளையாகவே இருக்கட்டும். ஒரு விரற்கடை அகலத்துக்கு அரக்கில் கரை வைக்கக் கேளுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். அண்ணாச்சி, எழுதிக் கேட்காதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள்.

நீலாம்பாள்


பாளையங்கோட்டை,
1910 அக்டோபர் 14

அன்புள்ள தங்கைக்கு,

நேரில் போனேன். நாசரேத்து வரை வண்டியில் போகும்போது என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். அங்கே போனதும் மூன்றும் மறந்துவிட்டன. காப்பி குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். எழுந்து செருப்பைப் போடுகிறபோதுதான் கரையைப் பற்றிச் சொன்னேன்.

சம்பந்தியம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புன்சிரிப்போடு, “அண்ணாச்சி, கரை வச்சா அது வெறும் சேல. கரை இல்லாட்டாத்தான் கல்யாண உடுப்பு. துரைசாணிமாரு கல்யாணப் படத்துல கரை இருக்கா, நீங்களே சொல்லுங்க” என்றார்கள். இல்லை என்றேன். இல்லைதான்.

திரும்பி வந்து செல்லக்கிளியிடம் உன் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும். அவளைக் கேட்க வேண்டும் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை. அவள் முக்காட்டு ஓரத்தில் லேஸ் தைத்துக்கொண்டிருந்தாள். கோடி போட்டதைப் படிக்கும்போது ஊசி நின்றது. முடித்த பிறகு ஊசியை லேஸில் குத்தி வைத்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எனக்கு வெள்ளையைப் பாத்தா எப்படிப்பா பயம் வரும்? நான் கண் முழிச்சதே அத்தை சேலையிலதான். காய்ச்சல்னா அந்த முந்தானைதான் போர்வை. கோயில்ல ராணி மாதிரி நிக்கணும்னு எல்லாரும் சொல்லுதாவ. நான் அத்தை மாதிரி உடுத்திக்கிட்டுப் போறதாத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். அத்தைகிட்ட இத எழுதுங்க.”

எழுதிவிட்டேன். இதற்கு மேல் சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்பலவாணன்


வீரவநல்லூர்,
ஐப்பசி 2

அண்ணாச்சிக்கு,

வருகிறேன்.

நெல்லையப்பர் கோயிலுக்குப் போவதாக இங்கே சொல்லிக்கொள்வேன். கல்யாணத்துக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் ஏறினால் பொழுதோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார்கள். நான் ரயிலில் போனதில்லை. திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் நீங்களே வந்து நில்லுங்கள், ஆளை அனுப்பிவிட வேண்டாம்.

புதுச்சேலை ஒன்றை நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அவளுக்கு முறுக்குச் சுற்றி எடுத்து வருகிறேன். கப்பலில் சாப்பிடட்டும். அவள் அப்படிச் சொன்னாளென்று இன்னொரு தரம் எழுதுங்கள். அந்தக் கடிதத்தை மடித்து மடித்து அந்த இடத்தில் மை கலைந்துவிட்டது.

நீலாம்பாள்


பாளையங்கோட்டை,
1910 நவம்பர் 5

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டது பலமுறை. பயந்ததைக் கடைசியில் சொல்கிறேன் என்றாய். இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று நீ வெள்ளை உடுத்த வேண்டாம் என்று கேட்கிறார்கள்.

நடந்தது இதுதான். சம்பந்தியம்மாள் ஏற்பாடுகளைப் பார்க்க வந்திருந்தார்கள். கோயிலில் யார் யார் எங்கே என்று எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். முன் வரிசையில் உன் பெயரைப் பார்த்து, “தங்கச்சி என்ன உடுத்துவாங்க?” என்று கேட்டார்கள். சொன்னேன். சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “தப்பா நினைக்கண்டாம் அண்ணாச்சி. வரட்டும், முன்னாலேயே இருக்கட்டும். சீமையில கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு ஒருத்திதான் வெள்ளை உடுத்துவாளாம், மத்தவங்க உடுத்தமாட்டாங்களாம். பொண்ணுக்குப் பக்கத்துலயே இன்னொரு வெள்ளை இருந்தா பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?” என்றார்கள்.

இது சீமை வழக்கந்தானா, அல்லது உனக்கும் எனக்கும் தெரிந்த பழைய பயம் சீமைப் பெயர் சொல்லிக்கொண்டு வருகிறதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் புஸ்தகத்துப் படத்தில் ராணியின் பின்னால் நிற்கும் தோழிப் பெண்கள் எல்லாருமே வெள்ளையில்தான் இருக்கிறார்கள். அதைக் காட்டலாம் என்று புஸ்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவர்கள் பேசி முடித்துப் புறப்படும் வரை கையிலேயே இருந்தது.

செல்லக்கிளிக்கு இது தெரியாது. தெரிந்தால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. மூன்று ஓலையும் கூறியாகிவிட்டது.

ஒரு வழி தோன்றுகிறது. சந்தன நிறத்தில் ஒரு சேலை வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் இருந்தவற்றில் வெள்ளைக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது அதுதான். கரையும் மெல்லியது. நீ உன் சேலையிலேயே வா. இங்கே உள்ளறையில் மாற்றிக்கொள். கோயிலிலிருந்து வந்ததும் திரும்ப உன் சேலையை உடுத்திக்கொண்டு ரயிலேறிவிடலாம். உன் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அரை நாள்தான்.

இதைக் கேட்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்பலவாணன்


வீரவநல்லூர்,
ஐப்பசி 24

அண்ணாச்சிக்கு,

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. சம்பந்தியம்மாள் மேலும் இல்லை. மகன் நன்றாக இருக்க வேண்டும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். நானும் அதைத்தானே பயந்தேன்.

கோடி போட்ட அன்று நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு என் மாமியார் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வெள்ளையே இருக்கட்டும், ஓரத்தில் ஒரு நூலாவது நீலமாக இருக்கட்டும் என்று கேட்டேன். அன்று எனக்கு அது அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது, புருஷனுக்கு அழுததைவிட அதற்கு அதிகம் அழுதேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஒருவரும் தரவில்லை. பிறகு கேட்பதை விட்டேன். பிறகு அந்த ஆசையும் விட்டுப்போயிற்று. அது போக எத்தனை வருஷம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

இப்போது நான் கேட்காமலே சேலை முழுவதும் நிறமாகத் தருகிறீர்கள், அரை நாளைக்கு.

சந்தன நிறம் எனக்குப் பிடிக்கும், அண்ணாச்சி. அதுதான் கஷ்டம். உடுத்துவதைப் பற்றி எனக்குப் பயமில்லை. அவளுக்காக உடுத்திவிடுவேன். கோயிலிலிருந்து வந்து உங்கள் உள்ளறையில் அதை அவிழ்த்து வைத்துவிட்டு, என் கையாலேயே வெள்ளையை எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டுமே. அன்றாவது போடுவதற்கு நீங்கள் இருந்தீர்கள். இன்னொரு தரம் என்னால் ஆகாது.

அதனால் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று செல்லக்கிளியிடம் சொல்லுங்கள். முறுக்கை நாளை பாளையங்கோட்டைக்கு வருகிற வண்டிக்காரர் தாஜ் முகம்மதிடம் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவின் அடியில் கனமான முறுக்கு, மேலே மெல்லியது. கவிழ்த்துவிட வேண்டாம்.

நீலாம்பாள்


பாளையங்கோட்டை,
1910 டிசம்பர் 6

அன்புள்ள தங்கைக்கு,

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மழை பெய்யவில்லை. முறுக்கு உடையாமல் வந்து சேர்ந்தது. சென்ற மாதம் இருபத்தோராம் தேதி கப்பலேறிவிட்டார்கள். கண்டியிலிருந்து சுகமாய்ச் சேர்ந்ததாக மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அவர்கள் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடியே செல்லக்கிளியிடம் காய்ச்சல் என்று சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு முறுக்கு டப்பாவை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். ஆனால் நம்பவில்லை என்பது கோயிலில்தான் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து வரும்போது, முக்காட்டுக்குள்ளிருந்து பெண்கள் பக்கத்தை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நடை தாமதமாயிற்று. நான் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. எல்லாரும் பட்டு உடுத்தியிருந்தார்கள். அரக்கு, கரும்பச்சை, மாம்பழ நிறம். முன் வரிசைக்கு வந்ததும் என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, “ஒரு வெள்ளைச் சேலகூட இல்லியேப்பா. நான் ஒருத்தி மட்டுந்தானா?” என்றாள்.

ஆமாம் என்றேன். அதற்குள் போதகர் புஸ்தகத்தைத் திறந்துவிட்டார்.

உன் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. அதுவும் நான் சொல்லிச் செய்ததில்லை. யாரும் வந்து உட்காரவில்லை, நானும் யாரையும் அழைக்கவில்லை.

இதை இரண்டு வாரம் முன்பே எழுதியிருப்பேன். தாமதத்துக்குக் காரணம் வேறு. மாப்பிள்ளை வீட்டார் போட்டோக்காரரை வரவழைத்துக் கோயில் வாசலில் எல்லாரையும் நிறுத்திப் படம் பிடித்தார்கள். எனக்கென்று ஒரு பிரதி வந்திருக்கிறது. அரக்கும் பச்சையும் மாம்பழ நிறமும் படத்தில் கறுப்பாகத்தான் விழுந்திருக்கின்றன. சுற்றிலும் பெண்கள் எல்லாரும் கறுப்பில் நிற்கிறார்கள், நடுவில் இவள் மட்டும் வெள்ளை. முகம் தெளிவாக இருக்கிறது. முக்காட்டை எடுத்துவிட்டுத்தான் பிடித்தார்கள். சிரிக்கவில்லை, ஆனால் வருத்தமாக இருப்பதாகவும் சொல்ல முடியாது.

அவள் திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். அதுவரை நீ பார்ப்பதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் இதில் பார்ப்பதானால் அவளை வெள்ளையில்தான் பார்க்க வேண்டும்.

உறையில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். அனுப்பட்டுமா, வேண்டாமா? நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன்.

அம்பலவாணன்